கண்ணை மூடிக்கொண்டு இறக்கிய கன்டெய்னர்

நான் வேலை பார்த்த யார்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஜெபக்கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்துக்கு இந்த வருஷம் ஆண்டு மலர் போடுகிறார்களாம். "வேலை செய்யும் இடத்தில் சாட்சியாய் வாழ்வது எப்படி என்று நீங்கள்தான் எழுத வேண்டும். முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டிக்கொண்டே ஊழியம் செய்தவர் நீங்கள்" என்று போனில் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர்கள். பழைய ஆள் ஒருவரையாவது விசாரித்திருந்தால் என் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். என்னுடைய பழைய ஹெல்மெட் ஜெப அறையில் ஆணியில் தொங்குகிறது. அதன் பின்பக்கம் மஞ்சள் பெயின்ட்டில் "ஸ்தோத்திரம்" என்று நானே எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்து ஏமாந்துவிட்டார்கள், பாவம்.

என் பெயர் யோபு. வேதத்தில் பொறுமைக்குப் பேர்போன மனுஷனின் பெயர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக்கடை வைத்தவர். மூத்த மகனுக்குப் பொறுமை வரட்டும் என்று ஆசைப்பட்டு வைத்த பெயர். பெயர் மட்டும்தான் வந்தது. கடையில் என்னை மூன்று மாதம் உட்கார வைத்துப் பார்த்தார். நூறு கிராம் சீரகத்துக்கு நாலு தரம் விலை கேட்ட ஒரு அம்மாளோடு நான் போட்ட சண்டையில், தெருமுனைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வந்து விலக்கினார். "மனுஷர் கிட்டே வராத வேலையாய்ப் பார்த்துப் போய்ச் சேர்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

அப்படித்தான் கன்டெய்னர் யார்டுக்கு வந்தேன். இரண்டு வருஷம் கீழே கொக்கி மாட்டினேன், ஆறு மாதம் பழைய ஆபரேட்டர் ஒருவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன், லைசென்ஸ் வாங்கினேன், மேலே ஏறினேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

கிரேன் கேபின் என்பது ஐந்து மாடி உயரத்தில் தொங்கும் ஒரு கண்ணாடி அறை. தரையும் கண்ணாடி. கால் இரண்டுக்கும் நடுவே கீழே பார்த்துத்தான் வேலை. இடக்கை லீவர் முன்னே பின்னே போக, வலக்கை லீவர் ஏற்ற இறக்க. இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மேலிருந்து பார்த்தால் தொங்குகிற பெட்டியின் கூரைதான் தெரியும். அதற்கு அடியில் மாடு படுத்திருந்தாலும் மந்திரி நின்றாலும் கிரேன்காரனுக்குத் தெரியாது. அதற்காகத்தான் கீழே ஒரு சிக்னல்மேன் நிற்பார். அவர் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல ஆட்டினால் மெதுவாக இறக்கு என்று அர்த்தம். இரண்டு கையையும் விரித்து ஆட்டினால் நிறுத்து. 'நிறுத்து' மட்டும் யார் காட்டினாலும், டீ கொண்டுவருகிறவர் காட்டினாலும், கேள்வி கேட்காமல் நிறுத்த வேண்டும்.

எனக்குச் சிக்னல்மேன் ஏழுமலை. காத்திவாக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், முருக பக்தர், ஒப்பந்தத் தொழிலாளி. அவர் மனைவி மேரி திருவொற்றியூரில் எங்கள் சபைதான். ஞாயிற்றுக்கிழமை மேரியை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நானும் வாராவாரம் கூப்பிடுவேன்.

"உள்ளே வா ஏழுமலை."

"உள்ள ஃபேன் கீதாண்ணா?"

"இருக்கு."

"இங்கயும் கீது. டீயும் கீது. நீ போய்ட்டு வா."

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வாழ்க்கையைப் பார்த்து ஒரே ஒரு ஆளாவது ஆண்டவருடைய ஆலயத்துக்குள் கால் வைக்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே தாகம் இருந்தது. தினமும் ஜெபத்தில் கேட்பேன். அதற்காக என்னவெல்லாம் செய்தேன் என்று இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஹெல்மெட்டில் எழுதியது ஒன்று. கன்டெய்னர் கதவுகளில் சுவிசேஷக் கைப்பிரதி ஒட்டியது இன்னொன்று. அவை சிங்கப்பூர் வரைக்கும் போயிருக்கும், பதில் ஒன்றும் வரவில்லை. ஆயுத பூஜைக்கு எல்லாரும் கிரேனுக்குச் சந்தனம் பூசும்போது, சாட்சி காப்பதற்காகக் கேபினை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருப்பேன். பொரி கடலையை மட்டும் ஏழுமலை பையில் கட்டி மேலே அனுப்புவார். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

இவ்வளவும் செய்துவிட்டு வாயைத் திறப்பேன். எல்லாம் பாழ்.

காலையில் முதல் பெட்டியைத் தூக்கும் முன் வாக்கி டாக்கியில் கணீரென்று "ஸ்தோத்திரம்" என்பேன். மூன்றாவது பெட்டிக்குள் எவனாவது ஒரு டிரெய்லர்காரன் குறுக்கே வண்டியை விட்டுவிடுவான். பிறகு நான் பேசுவதைக் காசிமேட்டு மீன் ஏலத்தில் கேட்டிருந்தால்கூடக் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். அத்தனையும் யார்டு முழுக்க வாக்கி டாக்கியில் ஒலிபரப்பாகும்.

"யோபுண்ணா, காலைல சொன்ன தோத்ரமே இன்னும் காதுல கீது. அது மேல இத்தையும் ஊத்தாத" என்பார் ஏழுமலை.

இப்போது சூப்பர்வைசர் வரதராஜுலுவைச் சொல்ல வேண்டும். குரலே உயர்த்தாத மனிதர். யாரைத் திட்டினாலும் வானிலை அறிக்கை வாசிப்பதுபோல இருக்கும். மேஜை டிராயரில் இருபது தீப்பெட்டிகள் வைத்திருப்பார். யார்டில் எது இடித்தாலும் கவிழ்ந்தாலும் சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டு, தீப்பெட்டிகளைக் கன்டெய்னர்களாக அடுக்கி, "எங்கே, நடந்ததை நடத்திக் காட்டுங்க" என்பார். கிரேனுக்கு ஒரு ஸ்கேல். ஆளுக்கு ஒரு ஊக்கு. நாம் தீப்பெட்டியைத் தூக்கி இறக்கிக் காட்டுவதை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு, முதலில் பென்சிலில் எழுதுவார். ஒருநாள் ஆறப்போட்டுவிட்டுத்தான் பேனாவால் எழுதுவார். பேனா பட்டுவிட்டால் அது கல்வெட்டு. அவருக்கு ஒரு பழைய பழுப்பு நிற ஸ்கூட்டர் உண்டு. முழங்கால் வலிக்காரர் என்பதால் யார்டுக்குள்ளேயே அதில்தான் போவார். கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்ததாம், தினமும் துடைப்பார்.

ஒரு வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலம் வந்தது. நாற்பது நாள் மீனும் கறியும் தொடமாட்டேன் என்று யார்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். என் மனைவி எஸ்தர் ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள், வாயில் அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"கருவாடு உள்ள போவலன்னா போதுமா? உள்ளேர்ந்து வெளிய வர்றது கருவாட்டவிட நாறுது. அத்த வுடு முதல்ல" என்றாள்.

சுருக்கென்றது. அன்றைக்குத்தான் இன்னொரு தீர்மானமும் எடுத்தேன். பக்கத்துத் தொழிற்சாலையில் பகல் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும். சங்கு ஊதியதும் எங்கே இருந்தாலும் கண்ணை மூடிப் பொறுமைக்காக ஜெபிப்பது.

தீர்மானத்தில் ஒரு சிக்கல் இருந்தது. சங்கு ஊதும்போது பெட்டி பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும். கையைக் கூப்பினால் லீவரை விட வேண்டும், விட்டால் கிரேன் நின்றுவிடும். நிற்கட்டுமே என்று விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. எனக்கோ வேலையும் கெடக்கூடாது, ஜெபமும் கெடக்கூடாது. ஒரு பெட்டி மேலிருந்து தரைக்கு மெதுவாக இறங்க அரை நிமிஷம் ஆகும். என் ஜெபம் கால் நிமிஷம். ஆகவே இறக்கத்தைத் தொடங்கிவிட்டு, லீவரைப் பிடித்தபடியே கண்ணை மூடி, ஆமென் சொல்லித் திறந்தால் பெட்டி இன்னும் தரைக்கு மேலேதான் இருக்கும். ஜெபத்துக்குச் சத்தம் இடைஞ்சல் என்பதால் வாக்கி டாக்கியின் ஒலியையும் குறைத்துவிடுவேன். ஒன்பது நாள் இது அழகாக நடந்தது. என் பக்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்தாம் நாள், சங்குக்கு ஐந்து நிமிஷம் முன்பு ஒரு டிரெய்லர்காரனோடு எனக்குப் பெரிய சண்டை. சங்கு ஊதியது. காலிப் பெட்டி ஒன்றை அதன் இடத்தில் இறக்க ஆரம்பித்துக் கண்ணை மூடினேன். வழக்கமான ஜெபத்தை முடித்தேன். மனசு ஆறவில்லை. சரி, அந்த டிரெய்லர்காரனுக்காகவும் ஜெபிப்போம் என்று தொடங்கினேன். அவன் செய்த தப்பை ஆண்டவருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியதாகிவிட்டது. விளக்கம் நீண்டது.

கீழே நடந்தது இது. வரதராஜுலு சாப்பாட்டு நேரத்துக்கு ஸ்கூட்டரில் வந்தார். அந்தக் காலி இடத்தில் பக்கத்து அடுக்கின் நிழல் விழுந்திருந்தது. வெயிலில் சீட் சுடுமே என்று ஸ்கூட்டரை அங்கே நிறுத்திவிட்டு நொண்டிக்கொண்டே அலுவலகத்துக்குள் போய்விட்டார். பெட்டி மேலே வெகு உயரத்தில் இருந்தது, அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. ஏழுமலை பார்த்தார். இரண்டு கையையும் விரித்து ஆட்டினார். வாக்கி டாக்கியில் கத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றி வீசினார். கடைசியில் சட்டையைக் கழற்றிச் சுழற்றினாராம்.

"ஆமென்" என்று நான் கண்ணைத் திறந்தபோது ஒரு சத்தம் கேட்டது. பெரிய அப்பளத்தை மிதித்தால் வருகிற மாதிரி ஒரு சத்தம். கீழே ஏழுமலை வெற்று உடம்போடு தலையில் கைவைத்து நின்றார். இவருக்கு என்ன வெயில் தாங்கவில்லையா என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

பெட்டியை மறுபடி தூக்கினேன். ஸ்கூட்டர் அகலமாக இருந்தது. அதற்குள்ளிருந்த டிபன் கேரியரின் மூன்று அடுக்கும் ஒரே அடுக்காகியிருந்தன. கத்திரிக்காய்க் குழம்பு மட்டும் வெளியே வந்து வாசனையாகப் பரவியிருந்தது.

வரதராஜுலு வந்து பார்த்தார். பிறகு, "ரெண்டு பேரும் வாங்க, தீப்பெட்டி எடுத்து வெக்கறேன்" என்றார்.

ஸ்கூட்டருக்கு ஒரு சிவப்பு ரப்பர் வைத்தார். காலி இடத்துக்குள் வைக்கவில்லை, அதன் எல்லையாகப் போட்ட கோட்டின் மேல் வைத்தார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. ஏழுமலையின் ஊக்கைப் பக்கத்தில் நிறுத்தினார். என்னைப் பார்த்துக் கேட்டார். "மிஸ்டர் யோபு, நிறுத்தச் சொல்லி சிக்னல் வந்துதா?"

"நான் பார்க்கலை சார்" என்றேன்.

பொய்யா? இல்லை. கண்ணை மூடியிருந்தவன் எதைப் பார்ப்பான்? ஒரு எழுத்துகூடப் பொய் இல்லாத அந்தப் பதிலைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் அறுபத்து மூன்று வருஷ வாழ்க்கையில் நான் சொன்னவற்றிலேயே கேவலமானது அதுதான்.

"சார், ரெண்டு கையும் வுட்டு ஆட்னேன் சார்! சொக்காய கழட்டி சுத்தினேன்! இவுரு மேலயே பாத்துகினு இருந்தாரா இன்னான்னு தெர்ல சார்" என்றார் ஏழுமலை.

வரதராஜுலு பென்சிலில் எழுதினார்: ஆபரேட்டருக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. அந்த மாதம்தான் ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. ஆறு வருஷக் காத்திருப்புக்குப் பிறகு ஏழுமலையின் பெயர் அதில் ஏறியிருந்தது. அந்தப் பென்சில் எழுத்து பேனா எழுத்தானால் பெயர் அடிபட்டுவிடும். அது ஏழுமலைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது வெள்ளிக்கிழமை. சனியும் ஞாயிறும் அலுவலகம் விடுமுறை என்பதால் திங்கட்கிழமை பேனா எடுப்பதாக வரதராஜுலு சொன்னார்.

நடுவே ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் சபையில் ஆராதனைக்கு நடுவே சாட்சி நேரம் உண்டு. அந்த வாரம் ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து மைக்கில் சொல்லலாம். நான் ஒரு வாரமும் விட்டதில்லை, அந்த வாரமும் விடவில்லை. பழக்க தோஷம். கால் தானாக நடந்தது, கை தானாக மைக்கைப் பிடித்தது.

"இந்த வாரம் வேலையில் எனக்குப் பெரிய ஆபத்து வந்தது. என் மேல் விழ வேண்டிய பழியை ஆண்டவர் அப்படியே என்னைவிட்டுத் தூக்கிவிட்டார். ஸ்தோத்திரம்!"

சபையார் எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். மேரி மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. லெந்து காலம் என்று வாசல் தூணில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அதன் வாய் நேராக எதிர் டீக்கடையைப் பார்த்திருந்தது.

ஆராதனை முடிந்து பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தேன். அங்கே தண்ணீர் லாரி நின்றது. வேறு வழியில்லாமல் முன்வாசலுக்கே வந்தேன். ஏழுமலை கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், அது எனக்குக் கைவந்த கலை. அவர் சண்டை போடவில்லை.

"யோபுண்ணா, ஒண்ணு கேக்கறேன். உன் மேலேர்ந்து தூக்குனாருன்ற, சரி. தூக்கினா எங்கயாவது எறக்கணும் இல்ல? எங்க எறக்குனாரு?"

வருஷக்கணக்காகக் கிரேன் ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது. அவர் மேரியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் எஸ்தர் சாம்பார் ஊற்றினாள். நடந்ததைச் சொன்னேன், கண் மூடியதையும் சேர்த்து. அவள் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அந்தாளுக்கு வேல பூடுமா?"

"பட்டியல்ல பேர் போயிடும்."

"அப்ப நீ இன்னாத்துக்கு சோறு துன்னுகினு கீற?"

சாயங்காலம் வரை கட்டிலில் உட்கார்ந்து என்னை நானே பார்த்தேன். சுயபரிசோதனை என்று லெந்து காலத்தில் போதகர் வாரம் தவறாமல் சொல்வார். இத்தனை வருஷமும் அது டிரெய்லர்காரர்களுக்காகச் சொல்வது என்றே நினைத்திருந்தேன். ஆண்டவரை எல்லாரும் என்னில் பார்க்க வேண்டும் என்று கேட்டேனே, அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஸ்பீக்கர் வேறு கட்டிக் காட்டியிருக்கிறேன். பயமாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னால் கிரேன் போய்விடும், எனக்கு அதைத் தவிர ஒன்றும் தெரியாது. அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

திங்கட்கிழமை காலை வரதராஜுலு பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தபோது உள்ளே போனேன். "சார், தீப்பெட்டியை இன்னொரு தரம் எடுங்க" என்றேன்.

அடுக்கினார். நான் ஸ்கேலில் ஒரு தீப்பெட்டியைத் தொங்கவிட்டு இறக்க ஆரம்பித்து, கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"என்ன பண்றீங்க?"

"நடந்ததை நடத்திக் காட்டறேன் சார்."

"கண்ணை மூடியா?"

"ஆமாம் சார். ஜெபம்."

பேனாவைக் கீழே வைத்தார். "பெட்டி தொங்கறப்போவா? எதுக்கு ஜெபம்?"

"பொறுமைக்காக சார்."

"கெடைச்சுதா?"

"உங்க ஸ்கூட்டர்தான் சார் போச்சு."

வானிலை அறிக்கை வாசிக்கிற முகம் அப்படியே இருந்தது, தோள் மட்டும் குலுங்கியது. சிரித்து முடித்தபின் பென்சில் எழுத்தை அழிக்கச் சிவப்பு ரப்பரை எடுத்தார். அழித்துவிட்டு ரப்பரைத் திரும்ப வைக்கப் போனவர், கோட்டின் மேல் வைக்கவில்லை. காலி இடத்துக்கு நட்டநடுவே வைத்தார். "நானும் நடந்ததை நடத்திக் காட்டிடறேன், மிஸ்டர் யோபு. வண்டி நிறுத்தக் கூடாத இடத்துல நிறுத்தினது நான்" என்று சொல்லி, இரண்டையும் பேனாவாலேயே எழுதினார்.

ஏழுமலையின் பெயர் பட்டியலில் நின்றது. எனக்கு எட்டு மாதம் கிரேன் இல்லை. கீழே சிக்னல்மேனாக நிற்கச் சொன்னார்கள். வெயிலில் நாள் முழுக்க இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். ஒரு நன்மை, கை இரண்டும் வேலையாக இருந்தால் வாய் கொஞ்சம் அடங்குகிறது. ஏழுமலை மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. நாலாவது வாரம் ஒரு டீயைக் கொண்டுவந்து நீட்டி, "கை தாழ்ந்து போச்சுண்ணா. இன்னும் மேல தூக்கு" என்றார். அது மன்னிப்பா, வேலை சொல்லிக்கொடுத்ததா என்று நான் கேட்கவில்லை.

மறுபடி கேபினுக்கு ஏறியபின், ஓய்வு பெறும் நாள்வரை, சங்கு ஊதியதும் வாக்கி டாக்கியில் அவர் குரல் வரும். "யோபுண்ணா, கண்ணு தொறந்து கீதா?" தொறந்துதான் இருக்கு என்பேன். "அப்ப தோத்ரம்" என்பார். யார்டே சிரிக்கும். கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கக் கற்றுக்கொண்டேன். அது அப்படியே பழகிவிட்டது. கோயிலில் எல்லாரும் கண்ணை மூடும்போது நான் மட்டும் விழித்துக்கொண்டு நிற்பேன். எஸ்தருக்கு அது மானக்கேடு.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. போதகர் நீண்ட ஜெபம் ஏறெடுத்துக்கொண்டிருந்தார், வெளியே கொட்டுகொட்டென்று கொட்டியது. சபை முழுக்கக் கண்மூடித் தலைகுனிந்திருந்தது. கதவோரம் ஏதோ அசைந்தது. ஏழுமலை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, தொப்பலாக நனைந்து, மேரிக்குக் குடை கொடுக்க வந்திருந்தார். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. கண்ணை மூடிய கூட்டத்தில் மனைவியைத் தேடிக்கொண்டு வந்தவர் கண்ணில், முழித்துக்கொண்டு நின்ற நான் பட்டேன்.

இத்தனை வருஷம் நான் கேட்டது, கையில் குடையோடு வந்து நிற்கிறது. வா, வா என்று கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினார். உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல ஆட்டினார்.

சிக்னல் வந்தால் கேட்க வேண்டும். தலையை மெதுவாக இறக்கினேன். கண்ணை மட்டும் மூடவில்லை.